பதினாலாம் அறை கேட்ட கேள்வி

திருவல்லிக்கேணி பச்சைக்கண்ணாடிச் சந்துக்குள் நுழைகிறவர்கள் முதலில் செருப்பைக் கழற்றிப் பஞ்சுக் காலுறை போட்டுக்கொள்ள வேண்டும். பிறகு வாயை மூடிக்கொள்ள வேண்டும். டீ வேண்டுமென்றால் ஒரு விரலைக் காட்டலாம். சர்க்கரை வேண்டாமென்றால் உள்ளங்கையைக் கவிழ்க்கலாம். சத்தமே வராமல் டீ ஆற்றக் கடைக்காரர் யூனுஸ் எப்போதோ பழகிவிட்டார்.

சுவர்ச்செவி என்ற கருவி வந்து ஆறு வருடமாகிறது. பழைய சுண்ணாம்புப் பூச்சு, பக்கத்தில் பேசிய பேச்சையெல்லாம் அடுக்கடுக்காக உள்ளே வாங்கி வைத்திருக்கிறது. அதன் மேல் ஒரு விதமான ஒளியைப் பாய்ச்சினால் அது மறுபடி பேசுகிறது. ஒரே ஒரு சிக்கல்தான். ஒளி படும் நேரத்தில் பூச்சு விழித்துக்கொள்ளும். அப்போது பக்கத்தில் யார் பேசினாலும், கேட்டுக்கொண்டிருக்கும் அடுக்கிலேயே புதுச் சத்தம் போய் ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் இத்தனை கட்டுப்பாடு.

ஒரு காலத்தில் அந்தச் சந்து முழுக்க மேன்ஷன்கள். கவிதை எழுதியவர்கள், சினிமாவில் வாய்ப்புத் தேடியவர்கள், நாடகம் போட்டவர்கள், ஓவியர்கள் என்று ஒரு அறைக்கு ஆறு பேர் படுத்துக் கிடந்தார்கள். விடிய விடியப் பேசினார்கள். அந்தப் பேச்சைக் கேட்கத்தான் இப்போது தினமும் பன்னிரண்டு பன்னிரண்டு பேராக ஆட்கள் வருகிறார்கள்.

அவர்களை நடத்திக் கூட்டிப்போகும் வழிகாட்டி மரகதவல்லிக்கு நாற்பத்தாறு வயது. அவள் கழுத்தில் ஒரு தொண்டைப்பட்டை ஒட்டியிருக்கும். உதடு அசைந்தாலே போதும், அவள் சொல்ல நினைப்பது வந்தவர்களின் காதுக்குமிழில் கேட்கும்.

அன்று வந்தவர்களில் குணாளனும் ஒருவர். கோவில்பட்டியில் மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருப்பவர். வாசலில் காலுறை மாட்டும்போதே தன் கதையைச் சொல்லிவிட்டார். அவருடைய அண்ணன் சபேசன் உதவி இயக்குநராக வேண்டுமென்று வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு சென்னைக்கு வந்தவர். நீலாம்பரி மேன்ஷன் பதினாலாம் அறையில் இரண்டு வருடம் இருந்தார். குணாளனுக்கு அப்போது பத்து வயது. "அண்ணே, எப்ப வருவே?" என்று ஒரு கார்டு போட்டான். பதில் வரவில்லை. அந்த மாதமே மஞ்சள் காமாலையில் அண்ணன் போய்விட்டார்.

"வரணும்னு நெனச்சாரா, இல்ல கோவத்துலயே போயிட்டாரான்னு தெரியணும் மேடம். நாப்பத்தி நாலு வருசமா அது ஒண்ணுதான்," என்றார் குணாளன்.

சுவரில் சபேசன் குரல் இருக்கிறது என்று இந்த வருடப் பெயர்ப்பட்டியலில் பார்த்துத்தான் கிளம்பி வந்திருந்தார். இறந்தவர்களின் பேச்சை வாரிசு கையெழுத்து இல்லாமல் பதிவு செய்யவோ எழுதி வைக்கவோ கூடாது. கேட்டு முடித்ததும் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஒரு நகல் வாங்கிக்கொண்டு போவதாகத் திட்டம்.

பதினாலாம் அறைக்குள் போனதும் அங்கிருந்த வழக்கம் ஒன்றை மரகதவல்லி பட்டை வழியாகச் சொன்னாள். யாருக்கு ஊரிலிருந்து கடிதம் வந்தாலும் அது எல்லோருக்கும் வந்த மாதிரி. கடிதம் வராதவர்களும் இருப்பார்கள் இல்லையா? அதனால் வந்தவர் அதை உரக்கப் படிப்பார். படித்து முடித்ததும், எழுதியவர் எதிரே உட்கார்ந்திருப்பதாக நினைத்து வாயாலேயே பதில் சொல்வார். மறுநாள் யாராவது ஒருவர், ஞாபகம் இருந்தால், அதைக் கார்டில் எழுதிப் போடுவார்.

விளக்கு எரிந்தது. சுவர் பேச ஆரம்பித்தது. முதலில் சிரிப்பு, பாத்திரம் உருளும் சத்தம். பிறகு குணாளனின் கார்டைச் சபேசன் படித்தார். எழுத்துப்பிழைகளைக்கூட விடாமல் படித்தார், அறையே சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் அதே குரல் மெதுவாகக் கேட்டது.

"டேய் குணா, சாப்ட்டியாடா?"

"சாப்ட்டேண்ணே," என்றார் குணாளன்.

அறையில் சிவப்பு விளக்கு சுழன்றது. மற்ற பதினொரு பேரும் அவரையே பார்த்தார்கள். அவர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

மரகதவல்லி அந்த இடத்தைத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். அண்ணன் கேட்கிறார், ஐம்பத்து நாலு வயதுக் குரல் ஒன்று பதில் சொல்கிறது. அந்தப் பதிலுக்கு அடியில் சபேசன் ஏதோ சொல்கிறார். அது என்னவென்று புரியவில்லை. சந்தைப் பராமரிக்கும் அரசுத் துறையிலிருந்து வந்த பொறியாளர்கள் மூன்று நாள் முயன்றார்கள். இரண்டு குரலையும் பிரிக்க முடியவில்லை.

சந்துக்கு வெளியே, பேசலாம் என்று போர்டு வைத்திருக்கும் இடத்தில் குணாளன் அவளிடம் கேட்டார். "நீங்க நூறு தடவ கேட்டிருப்பீங்களே. அண்ணன் என்ன சொன்னாரு?"

மரகதவல்லி யோசித்தாள். ஐந்நூறு தடவையாவது கேட்டிருப்பாள். குரலின் குழைவு ஞாபகம் இருந்தது. வார்த்தை மட்டும் வரவில்லை. "சுவத்துல பத்திரமா இருக்குதேன்னு விட்டுட்டேன் சார்," என்றாள்.

அவளுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. ஆறு வருடத்தில் அந்த அறைக்கு வந்துபோன பதினோராயிரம் பேருக்கும் செய்தி அனுப்பும்படி துறையில் மன்றாடினாள். அனுப்பினார்கள். ஒரே வாரத்தில் முந்நூறு பதில் வந்தது. அவள் குணாளனைப் போனில் கூப்பிட்டு ஒவ்வொன்றாகப் படித்தாள்.

பொங்கலுக்கு வர்றேன்னு சொன்னார் என்று சேலத்து நர்ஸ் ஒருவர் எழுதியிருந்தார். சைக்கிளோட வர்றேன்னு சொன்னார் என்றது இன்னொன்று. ஒன்றும் சொல்லவில்லை, இருமினார், அவ்வளவுதான் என்று ஓய்வுபெற்ற தாசில்தார் அடித்துச் சொன்னார். இப்படி ஏழெட்டுப் பேர். மற்றவர்கள் எல்லோரும் கிட்டத்தட்ட ஒன்றையே எழுதியிருந்தார்கள். மன்னிக்க வேண்டும், அவர் சாப்பிட்டியா என்று கேட்டதும் நானும் மனசுக்குள் சாப்பிட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்தேன், அடுத்து என்ன சொன்னார் என்று கவனிக்கவில்லை.

"நானும் அப்படித்தான் சார்," என்றாள் மரகதவல்லி.

அந்தப் பக்கம் குணாளன் சிரித்தார். மூக்கை உறிஞ்சுவதும் கேட்டது. "அண்ணன் அப்படிக் கேட்டிருக்காரு. கோவத்துல இருக்கவன் அப்படிக் கேக்க மாட்டான்லா," என்றார். அப்புறம், ஒரு பழுதைக் கண்டால் மற்ற இடங்களையும் பார்க்கிற ரிப்பேர் தொழில்காரர் என்பதால் ஒரு சந்தேகம் கேட்டார். அந்த மேன்ஷன் சுவரில் இன்னும் எத்தனை பேர் சாப்பிட்டியா என்று கேட்கிறார்கள்?

மரகதவல்லி பெயர்ப்பட்டியலை எடுத்து, அப்படிக் கேட்டவர்களை ஞாபகத்திலிருந்து எண்ணிப் பார்த்தாள். இருநூற்று ஆறு பேர். அந்த இருநூற்று ஆறு பேரும் அதற்கு அடுத்து என்ன சொன்னார்கள் என்று அவளுக்கு ஒன்றுகூட நினைவில்லை.

அடுத்த வாரம் கோவில்பட்டியிலிருந்து ஒரு மூட்டை பனங்கற்கண்டு வந்தது. கடிக்காமல் வாயில் ஒதுக்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், பேச்சு வராது என்று குணாளன் எழுதியிருந்தார். துறையும் ஒப்புக்கொண்டது. அன்றைக்கு வந்த பன்னிரண்டு பேருக்கும் ஆளுக்கொரு கட்டி கொடுத்து இருபத்திரண்டாம் அறைக்குக் கூட்டிப்போனாள். தானும் ஒன்றைப் போட்டுக்கொண்டாள். இந்த முறை அடுத்த வார்த்தையை விடக்கூடாது என்று எல்லோரிடமும் முன்கூட்டியே சொல்லியும் வைத்தாள்.

விளக்கு எரிந்தது. எந்தக் காலத்திலோ அங்கே தங்கியிருந்த ஓவியர் ஒருவர், கதவைத் திறந்து வந்த யாரையோ பார்த்து, சாப்பிட்டியாப்பா என்று கேட்டார்.

ஒரு வாயும் திறக்கவில்லை. பதின்மூன்று தலைகளும் சாப்பிட்டாச்சு என்று ஆடின.