மூன்று முறை கேட்டாயிற்று

வெள்ளிக்கிழமையே கணக்கை மூடி அனுப்பிய ஆள், செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஒன்றரை மணிக்கும் கொட்டடிக்குள் நடந்துகொண்டிருந்தான்.

அன்புசெல்வி முதலில் தன் கண்ணைத்தான் நம்பவில்லை. காலை ஆறு மணியிலிருந்து கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் கண் பூத்துப்போகாது? கசக்கிவிட்டுப் பார்த்தாள். சாம்பல் நிறச் சட்டை. கையில் வாளோ வில்லோ இல்லை. நான்கு அடி வைத்தான், திரும்பினான். மறுபடி நான்கு அடி, மறுபடி திரும்பினான்.

மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில், கீழே அட்டைப்பெட்டி செய்யும் கம்பெனி, மாடியில் இவர்கள். உலகம் முழுக்க லட்சம் பேர் சேர்ந்து ஆடும் ஓர் இணைய விளையாட்டுக்கு இங்கே உட்கார்ந்து காவல். தான் ஆடாமல், புரோகிராமை ஏவி ஆடவைத்து ஏய்க்கிறவர்களைப் பிடிக்க வேண்டும். அந்தப் புரோகிராம்களுக்கு ‘பாட்’ என்று பெயர். சந்தேகப்பட்ட ஆளை விளையாட்டின் நடுவிலிருந்து தூக்கி, நான்கு கல்சுவரும் ஒரு தீவட்டியும் மட்டும் இருக்கும் அறைக்குள் போடுவார்கள். கதவே கிடையாது. ஆபீசில் அதற்குக் கொட்டடி என்று பெயர் வைத்திருந்தார்கள். உள்ளே போட்டதும் ‘யாராவது இருக்கிறீர்களா?’ என்று கேட்டு முப்பது விநாடி பொறுக்க வேண்டும். இப்படி மூன்று முறை. பதில் வந்தால் மனிதன், வெளியே விடலாம். வராவிட்டால் பாட், கணக்கை மூடலாம்.

“போகிக்குள்ள குப்பையெல்லாம் கொளுத்திடணும்மா, அப்பத்தான் லீவு,” என்று டீம் லீடர் சக்கரபாணி போன வாரமே சொல்லிவிட்டார். ஆளுக்கு நாளொன்றுக்கு இருநூறு பேர். ஒவ்வொருவனையும் இப்படிக் கேட்டுக் காத்திருந்தால் பொங்கல் என்ன, மாசிமகமே வந்துவிடும்! அன்புசெல்வி கெட்டிக்காரி. ஒரு மேக்ரோவைப் பதிந்துவைத்துக்கொண்டாள். ஒரு பொத்தானைத் தட்டினால் அதுவே கேட்கும், அதுவே மூடும், புகார்க் கடிதம் வந்தால் அதுவே பதில் அனுப்பும். பாட்டைப் பிடிக்க ஒரு பாட். முப்பது விநாடியை ஐந்தாகக் குறைத்ததை மட்டும் அவள் யாரிடமும் மூச்சுவிடவில்லை.

“கமலா, இங்க வந்து பாரேன். மூடுன அக்கவுன்ட்டு நடக்குதுடி.”

பக்கத்து சீட்டுக் கமலா பையை மாட்டிக்கொண்டே எட்டிப் பார்த்தாள். “நடந்தா நடந்துட்டுப் போவுது. உன்னயா கட்டிக்கச் சொல்லுது? கெளம்பு, கதிர்காமம் பஸ் போயிடும்.”

“நீ போ. என் தம்பி வண்டி எடுத்துக்கிட்டு வரேன்னிருக்கான்.”

“சாமிக்கண்ணு மூணு தடவ குரல் குடுப்பாரு. மறக்காம வாயத் தொற. இல்லன்னா சனிக்கெழம வரைக்கும் உள்ளதான் பொங்கலு.”

கமலா சிரித்துக்கொண்டே போனாள். வாட்ச்மேன் சாமிக்கண்ணு பூட்டுகிற முறை அது. கார்டு இல்லாதவர்கள் உள்ளே காலெடுத்து வைக்கக் கூடாது என்பது ஆபீஸ் சட்டம். அதனால் வாசலிலேயே நின்று மூன்று முறை கேட்பார். சத்தம் வந்தால் நிற்பார், வராவிட்டால் பூட்டுவார்.

இரண்டு மணிக்கு ஹால் காலியானது. ஏசிக் குளிருக்காக ஜன்னல்களையெல்லாம் பலகை வைத்து அடைத்திருந்தார்கள். வெளியே நல்ல வெயில் அடித்தாலும் உள்ளே ட்யூப்லைட் வெளிச்சம்தான். எங்கோ பழைய பாயும் டயரும் எரிந்த போகிப் புகை ஏசி வழியாக நுழைந்து தொண்டையில் கசந்தது, ஏசியிலிருந்து வாளிக்குள் சொட்டுகிற தண்ணீர் ஒரே சீராக விழுந்துகொண்டிருந்தது, அந்தச் சொட்டுக்குச் சரியாக அவன் ஒவ்வோர் அடியாக வைத்துக்கொண்டிருந்தான். அன்புசெல்வி அவனுடைய கோப்பைத் திறந்தாள்.

புகார் ஒன்றுதான். ‘தினமும் ஒரே ஆற்றங்கரையில் நடக்கிறான். சண்டை போடுவதில்லை. பேசினால் பதில் இல்லை.’ அதன் கீழே இரண்டு கடிதங்கள் இருந்தன. இரண்டையும் அவளுடைய மேக்ரோ படிக்காமலே பதில் அனுப்பி மூடியிருந்தது.

முதல் கடிதம் வெள்ளி இரவு வந்தது. ‘நான் அவன் அம்மா. என் மகன் படுத்த படுக்கையாக இருக்கிறான். உடம்பில் ஒரு விரல்தான் அசையும். ஓர் எழுத்து அடிக்க அரை நிமிடம் ஆகும். அவன் பதில் அடித்துக்கொண்டுதான் இருந்தான். நடப்பதற்கு அவனுக்கு வேறு இடம் இல்லை. தயவுசெய்து வெளியே விடுங்கள்.’

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை வந்தது. ‘இனி விட வேண்டாம்.’

அவ்வளவுதான் இருந்தது.

அன்புசெல்வி விரலை மடக்கிக் கணக்குப் போட்டாள். மூன்று தடவை, முப்பது முப்பது விநாடி. ஆங்கிலத்தில் ‘ஆமாம்’ என்று சொல்ல மூன்றே எழுத்து. சட்டப்படி பொறுத்திருந்தால் சரியாக முடித்திருப்பான். ஐயோ, நான் என்ன காரியம் செய்து வைத்திருக்கிறேன்! வெளியே விடும் பொத்தானை அழுத்தினாள். ஒன்றும் ஆகவில்லை. மறுபடி அழுத்தினாள். மறுபடி, மறுபடி.

நடை நின்றது. அவன் சுவரை விட்டுத் திரும்பி, திரைக்கு வெளியே, நேராக அவளைப் பார்த்தான். கீழே ஓர் எழுத்து விழுந்தது. y. வாளியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. வெகு நேரம் கழித்து, e. அவள் எழுந்து ஓடியிருக்கலாம். அந்த மூன்றாவது எழுத்தையாவது இருந்து பார்த்துவிட வேண்டும் என்று ஏனோ உட்கார்ந்திருந்தாள்.

s.

கரண்ட் போனது. ட்யூப்லைட், ஏசி, வரிசையாக இருந்த அத்தனை திரைகளும் அணைந்தன. அவளுடைய திரை மட்டும் எரிந்தது. கொட்டடியில் இப்போது யாரும் இல்லை. தீவட்டி மட்டும் ஆடியது. கீழே, அவளே நாளுக்கு இருநூறு தடவை அனுப்பிய கேள்வி வந்து நின்றது.

யாராவது இருக்கிறீர்களா?

எழுந்துகொள்ளப் பார்த்தாள். கால் வரவில்லை. கையை ஊன்றப் பார்த்தாள். கை வரவில்லை. தம்பியைக் கூப்பிட வாயைத் திறந்தாள். திறந்ததாக நினைத்துக்கொண்டாள். நாக்கு அடியில் ஒட்டிக்கொண்டு கிடந்தது.

வலது கை ஆள்காட்டி விரல் மட்டும் அசைந்தது.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. சாமிக்கண்ணு! கடவுளே, வந்துவிட்டார். கதவுக்கும் அவளுக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்புதான்.

“உள்ள யாராச்சும் இருக்கீங்களா?”

இருக்கேன்யா. இருக்கேன். விரலைத் தூக்கினாள். கிணற்றிலிருந்து வாளியை இழுப்பதுபோல் இழுத்தாள். மேலே வந்தது. இன்னும் கொஞ்சம்.

“யாராச்சும் இருக்கீங்களா?”

போட்டாள். நகம் மேசையில் பட்டது. டொக். அதே நேரம் சாமிக்கண்ணு இருமினார். ஐயோ. மறுபடி தூக்கினாள்.

“இருக்கீங்களாம்மா?”

பொறு. பொறுங்கய்யா. வந்துகொண்டே இருக்கிறது. பாதி வந்துவிட்டது.

நல்ல மனிதர், கொஞ்ச நேரம் பொறுத்துத்தான் பார்த்தார். ஐந்து எண்ணும் நேரம் இருக்கும். பிறகு கதவு சாத்திக்கொண்டது. சங்கிலி. பூட்டு. சாவி.

டொக்.

அடைத்த ஜன்னலுக்குக் கீழே வண்டி வந்து நின்றது. தம்பி செல்வகுமாரின் குரல்.

“அக்கா இன்னும் வரலிங்களா?”

“மேல யாருமில்ல தம்பி. மூணு தடவ கேட்டாச்சு.”

பக்கத்துக் கொக்கியில் தொங்கிய அவள் பைக்குள் போன் அதிர்ந்தது. சத்தத்தை அணைத்து வைத்திருந்தாள். பை சுவரில் உரசி உரசி நின்றது. மறுபடி அதிர்ந்தது.

“எடுக்கலிங்களே.”

“பஸ்ஸுல இருப்பாங்க. போகிக் கூட்டத்துல போன் சத்தமா கேட்கப் போவுது?”

“லேட்டாயிட்டேன்ல, கோச்சிக்கிட்டுப் போயிருக்கும்.”

வண்டி கிளம்பியது. பிள்ளைச்சாவடிப் பக்கம் திரும்பும் வரை கேட்டது. பிறகு கேட்கவில்லை.

டொக்.

திரையும் அணைந்தது. இருட்டில் புகை நாற்றம். வாளியில் சொட்டுவதும் நின்றுபோயிருந்தது.

ஹாலின் அந்தக் கோடியில் ஓர் அடி விழுந்தது. இரண்டு. மூன்று. நான்கு. திரும்பியது.

மறுபடி நான்கு. இந்தத் தடவை கமலாவின் மேசைப் பக்கம். வெறுங்கால். நடக்கப் பழகிய கால்.

திரும்பியது.

அன்புசெல்வி விரலைத் தூக்கினாள். டொக். யாரும் கேட்கவில்லை. டொக்.

ஒன்று. இரண்டு. மூன்று.

நான்காவது அடி அவள் நாற்காலிக்குப் பின்னால் விழுந்தது. இந்த முறை அது திரும்பவில்லை.