எரிக்காத பாதி

கோயில் முற்றத்தின் நாய்முகக் குரங்குகள் அன்று கத்தவில்லை. விடியப்போகிறது என்றாலே கிழக்கைப் பார்த்துக் கையைத் தூக்கிக்கொண்டு இவுனு நகரத்தையே எழுப்பிவிடும் ஜென்மங்கள் அவை. இன்று சத்தமில்லாமல் மேற்கே திரும்பி, பூசாரிகள் குடியிருக்கும் தெருவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தன. அந்தத் தெருவில்தான் பூசாரி சென்பியின் வீடும் இருந்தது.

இரவை அளக்கும் நீர்க்கடிகாரத்தின் கடைசிச் சொட்டு விழுந்து வெகுநேரம் ஆகிவிட்டது. ஆற்றுச் சேறும் அணைந்த தூபமும் கலந்த வாடை முற்றத்தைவிட்டு நகராமல் நிற்க, கிழக்கு வானம் சட்டியின் அடிபோல அப்படியே கறுத்துக் கிடந்தது. சென்பி முற்றத்தில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நேத்துப் பாம்பை ஒழுங்கா எரிச்சியா?" என்றார் தலைமைப் பூசாரி அன்கு.

"எரிச்சேன் ஐயா."

"முழுசாவா?"

"முழுசாத்தான்."

"முழியைப் பார்த்தா அப்படித் தெரியலையே. சூரியன் வரலைன்னா உன்னைத்தான் தீயில வைப்பேன், பார்த்துக்கோ."

சூரியதேவன் ரா இரவெல்லாம் பாதாளத்தில் படகோட்டி வருவார். அவரை விழுங்க வாயைப் பிளந்துகொண்டு வழியில் கிடக்கும் அபெப் என்ற பாம்பு. அதனால் தினமும் மெழுகில் ஒரு அபெப் செய்து, நான்கு முறை துப்பி, இடது காலால் மிதித்து, கத்தியால் குத்தி, நெருப்பில் போடவேண்டும். அதுதான் சென்பியின் வேலை. நேற்று அவன் வால்பாதியை மட்டும் எரித்தான். தலைப்பாதி கத்தி படாமல் அவன் இடுப்புத் துணிக்குள் போய்விட்டது.

மனைவி ஹெனுத்தின் காலில் ஒரு மாதமாக ஆறாத புண். சுத்தமான தேன்மெழுகை எண்ணெயில் உருக்கிப் பூசாவிட்டால் காலை எடுக்கவேண்டியதுதான் என்று வைத்தியர் கையை விரித்திருந்தார். கோயில் மெழுகைவிடச் சுத்தமானதற்கு எங்கே போவது? உருக்கிவிட்டால் வெறும் மெழுகுதானே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான், மடையன். பூசியதும் ஹெனுத் முனகாமல் தூங்கினாள். அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

இப்போது விட்ட சடங்கை முடித்துவிடலாம் என்று பூசைக் கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் வீட்டுக்கு ஓடினான். கதவைச் சாத்தித் தாழ்போட்டான். உள்ளே ஒரே இருட்டு. மெழுகு வாடை தொண்டையை அடைத்தது. ஈரத்துணியைத் தரையில் இழுப்பதுபோல ஒரு சத்தம் கேட்டு, அவன் காலடி ஓசையில் நின்றது.

"ஹெனுத்?"

"வந்துட்டீங்களா?" அவள் குரல்தான். "வலியே இல்லைங்க. கைய வச்சுப் பாருங்களேன்."

போர்வைக்குள் கையை விட்டான். புண்ணைத் தேடினான். இல்லை. கணுக்காலைத் தேடினான். இல்லை. இரண்டு காலுக்கும் நடுவே இடைவெளி இல்லை. வழவழப்பு. குளிர்ச்சி. கட்டிலைத் தாண்டியும் நீண்டுகொண்டே போனது.

கதவு அதிர்ந்தது. "திறடா, திருட்டுப் பயலே!" அன்குவின் குரல். "நீ பாதியைத்தான் தீயில போட்டதை ஆள் பார்த்திருக்கான். மிச்சப் பாதி எங்க?"

துப்பவேண்டும். மிதிக்கவேண்டும். குத்தவேண்டும். எரிக்கவேண்டும். கத்தி கையில் இருந்தது. கைதான் எழவில்லை.

"என்னைக் காட்டிக்குடுத்துடாதீங்க," என்றாள் ஹெனுத்.

பதினாறு வருஷம் கூட வாழ்ந்தவள். சென்பி கத்தியைக் கீழே போட்டான்.

"இங்க ஒண்ணும் இல்லைங்க ஐயா!" என்று கத்தினான். "முழுசா எரிச்சிட்டேன்!"

அந்த நேரத்தில் தெருவில் ஆரவாரம். "வந்துட்டாரு! ரா வந்துட்டாரு!" கதவை இடித்த கைகள் நின்றன. மேல் ஜன்னல் சிவந்தது. அவள் பிழைத்தாள், எல்லாரும் பிழைத்தோம் என்ற நிம்மதியில் சிரித்துக்கொண்டே திரும்பினான்.

ஜன்னலில் இறங்கிய முதல் கதிர் அவள் வாய்வரை வந்திருந்தது. அதற்கு அப்பால் சுவரில் வெளிச்சம் இல்லை. தாடை மார்புவரை தொங்கியது. கண்கள் இமைக்கவில்லை. தொண்டை ஏறி இறங்கியது. ஒருமுறை. இன்னொரு முறை. ஜன்னலுக்கு வெளியே வானம் ஓரத்திலிருந்து கறுத்துக்கொண்டு வந்தது.