நான் போட்ட பொய் டிக்குகள்

எங்கள் வீட்டில் நாற்பது பக்க நோட்டு ஒன்று இருக்கிறது. அட்டையில் என் பெயர் இருக்கும்: நித்யஸ்ரீ, ஆறாம் வகுப்பு. உள்ளே பாடம் எதுவும் கிடையாது. அப்பா செய்ய வேண்டிய உடற்பயிற்சிகளும், அவற்றுக்கு எதிரே நான் சிவப்புப் பேனாவால் போட்ட டிக்குகளும்தான் இருக்கும். முதல் பன்னிரண்டு பக்கங்களில் இருக்கும் டிக்குகளில் முக்கால்வாசி பொய்.

இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

அப்பா பெயர் சந்திரசேகர். எங்கள் ஊர் திருச்செங்கோடு. இங்கே ரிக் லாரி வேலைக்குப் போகும் ஆள் இல்லாத தெருவைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ரிக் லாரி என்றால் ஆழ்துளைக் கிணறு போடும் பெரிய வண்டி. அப்பா அதில் டிரில்லர். வண்டியோரத்து மேடையில் நின்று, லீவர்களைப் பிடித்து, இரும்புக் குழாய்களை ஒவ்வொன்றாகப் பூமிக்குள் இறக்குவது அவர் வேலை. ஆயுத பூஜை முடிந்ததும் லாரி சத்தீஸ்கர் பக்கம் கிளம்பிவிடும். அங்கே மழை பிடிக்கும் ஜூன் மாதத்தில்தான் ஊர் திரும்பும்.

அதனால் அப்பா எங்கள் வீட்டுக்கு ஒரு விருந்தாளி. தண்ணீர் கைக்கு வரும், துண்டு தோளுக்கு வரும். சாப்பிட்ட தட்டை அவர் எடுக்கப் போனால் அம்மா விடவே மாட்டார்.

"எட்டு மாசமா கூடாரத்துல கெடந்த மனுசன். பேசாம உக்காருங்க" என்பார். எங்கள் தெருவில் எல்லா ரிக் வீடுகளிலும் இதே கதைதான்.

இந்த வருடம் அப்பா மார்ச் மாதமே வந்துவிட்டார். ஒரு நாள் வேலை செய்துகொண்டிருக்கும்போதே வலது கையும் வலது காலும் இழுத்துக்கொண்டு விழுந்துவிட்டாராம். பக்கவாதம் என்றார்கள். மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பாம். அங்கேயே பத்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு, இரண்டு பேர் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொள்ள வீட்டுக்கு வந்தார். பேச்சு குழறியது. அது சில வாரங்களில் சரியாகிவிட்டது. கையும் காலும்தான் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

பிசியோதெரபி செய்யும் உஷாராணி மேடத்திடம் போனோம். மேடம் அப்பாவை நாற்காலியிலிருந்து எழச் சொன்னார். மூன்று மீட்டர் தூரத்தில் இருந்த கோடு வரை நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொன்னார். கையில் கடிகாரம் வைத்திருந்தார். நாற்பத்தொரு விநாடி ஆனது.

"ஆயுத பூஜைக்கு நான் வண்டியேற முடியுங்களா மேடம்?" என்று கேட்டார் அப்பா.

"தெனமும் ஒழுங்கா செஞ்சா பாக்கலாமுங்க" என்றார் மேடம்.

மேடம் சொன்ன பயிற்சிகள் இவை: நாற்காலியைப் பிடிக்காமல் எழுந்து உட்காருவது பத்துத் தடவை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, உடம்பின் பாரத்தை வலது காலில் வைத்து நிற்பது பத்துத் தடவை. கோட்டின் மேல் அடி மேல் அடி வைத்து நடப்பது. வலது கையால் தம்ளரைத் தூக்கி வைப்பது. எல்லாம் காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை.

அம்மா நூல் மில்லுக்கு வேலைக்குப் போகிறவர். எனக்கு முழுப் பரீட்சை லீவு விட்டிருந்தது. "நீதான் பாத்துக்கோணும் சாமி" என்று பயிற்சிகளை எழுதிய நோட்டை என்னிடம் கொடுத்தார்.

முதல் நாள் அப்பா மூன்று தடவை எழுந்தார். நான்காவது தடவை கால் வெடவெடவென்று நடுங்கியது. உதட்டைக் கடித்துக்கொண்டார். நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது. ரிக்கின் உச்சி வரை ஏறி இறங்குகிற அப்பா, நாற்காலியிலிருந்து எழ முடியாமல் தவிப்பதை என்னால் பார்க்க முடியவில்லை.

"போதுங்கப்பா" என்றேன்.

"நாளைக்குப் பாத்துக்கலாம் சாமி" என்றார்.

பத்துத் தடவை என்று எழுதியிருந்த இடத்தில் டிக் போட்டேன். அப்பா அதைப் பார்த்தார். பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மறுநாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாள் நாற்காலிப் பக்கமே போகவில்லை. கேரம் போர்டை எடுத்துவிட்டோம். அப்பா இடது கையாலேயே என்னைத் தோற்கடித்தார். தண்ணீர் வேண்டுமென்றால் நான் ஓடினேன். தலையணை வேண்டுமென்றாலும் நான்தான் ஓடினேன். அவர் எங்கள் வீட்டு விருந்தாளி இல்லையா?

இன்னொன்றும் இருக்கிறது. இதைத்தான் நான் யாரிடமும் சொல்லவில்லை. அப்பா சரியாகிவிட்டால் லாரி ஏறிப் போய்விடுவார். நான் பிறந்ததிலிருந்து ஒரு பொங்கலுக்குக்கூட அப்பா வீட்டில் இருந்ததில்லை. டிக் போடும்போதெல்லாம் அந்த நினைப்பு மனதின் ஓரத்தில் இருந்தது. இல்லை என்று சொன்னால் அதுவும் ஒரு பொய் டிக்தான்.

மே மாதக் கடைசியில் மேடம் மறுபடி வரச் சொன்னார். மூவரும் போனோம். அதே நாற்காலி, அதே கோடு. அப்பா நடந்து வந்து உட்கார்ந்தார்.

மேடம் கடிகாரத்தைப் பார்த்தார். நாற்பது விநாடி.

என் நோட்டை வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார்.

"ஒரு நாள்கூட விடாம செஞ்சிருக்கீங்க. ஆனா ஒரே ஒரு விநாடிதான் கொறஞ்சிருக்கு" என்றார். அம்மாவைத் தனியாக அழைத்துத் தாழ்ந்த குரலில் பேசினார். எனக்கும் கேட்டது. "இவ்வளவு செஞ்சும் முன்னேத்தம் இல்லீன்னா, மறுபடியும் எங்காச்சும் அடைப்பு இருக்கான்னு பாக்கோணுமுங்க. நாளைக்கே சேலம் போயி ஸ்கேன் எடுத்துருங்க."

அம்மா பையின் காதை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அப்பா தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"ஸ்கேன் வேண்டாங்க மேடம்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அதனால் இன்னொரு தடவை சொன்னேன். "ஸ்கேன் வேண்டாங்க. டிக்கெல்லாம் பொய்ங்க. அப்பா செய்யவே இல்லீங்க. நான் சும்மா போட்டுட்டேன்."

அப்பா சொன்னார்: "புள்ளைய ஒண்ணும் சொல்லாதீங்க மேடம். செய்யாதவன் நான்தானுங்க."

மேடம் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு என் எதிரில் உட்கார்ந்தார்.

"நல்லவேளை சொல்லிட்ட. இல்லாட்டி நான் தப்பான எடத்துல தேடிட்டு இருந்திருப்பேன்" என்றார். "மூளையில ஒரு பக்கம் அடிபட்டா, மிச்சப் பக்கம் அந்த வேலையக் கத்துக்கும். ஆனா காலை அசைக்க அசைக்கத்தான் கத்துக்கும். மொதல் மூணு மாசத்துல ரொம்ப வேகமாக் கத்துக்கும். அதுல ரெண்டு மாசம் போயிருச்சு."

"இனிமே காலு வராதுங்களா?" என்று கேட்டேன்.

"வரும். மெதுவா வரும். எவ்வளவு வருமுன்னு இப்ப என்னால சொல்ல முடியாது."

அவர் திட்டியிருக்கலாம் என்று தோன்றியது. திட்டென்றால் கொஞ்ச நேரத்தில் மறந்துபோகும். "ரெண்டு மாசம் போயிருச்சு" என்பது பஸ்ஸில் வரும்போதும், வீட்டுக்கு வந்த பிறகும் காதிலேயே இருந்தது.

அம்மா இரண்டு நாள் எங்கள் இருவரிடமும் பேசவில்லை. அந்த இரண்டு நாளும் அவர் பேசியது குக்கரோடு மட்டும்தான். "உனக்காச்சும் வேளாவேளைக்கு விசில் அடிக்கோணும்னு தெரியுது" என்றார் அதனிடம்.

மூன்றாம் நாள் காலையில் நான் சிவப்புப் பேனாவை அப்பாவிடம் நீட்டினேன்.

"இனி டிக் நீங்களே போடுங்கப்பா. வலது கையில."

"பேனாவே நிக்காது சாமி."

"நிக்கற வரைக்கும் புடிங்க."

பேனா நான்கு தடவை விழுந்தது. நான்கு தடவையும் நான் எடுத்துக் கொடுத்தேன். ஐந்தாவது தடவை விழுந்தபோது எடுக்கவில்லை. அப்பாவே குனிந்து எடுத்தார். அவர் போட்ட முதல் டிக், பக்கத்தின் நடுவில் தொடங்கி நோட்டைத் தாண்டி மேசைக்குப் போய்விட்டது.

அப்பா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "ஒரு டிக்குக்கு இந்தப் பாடா? இதுக்குப் பத்துத் தடவை எந்திரிச்சே உக்காந்திரலாம்" என்றார்.

"அப்ப எந்திரிங்க" என்றேன்.

எழுந்தார். கால் நடுங்கியது. எனக்கு அழுகை வந்தது. ஆனால் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அவர் விழுந்தால் பிடிக்கத் தோதாகப் பக்கத்தில் நின்றுகொண்டேன். அன்று ஆறு தடவை எழுந்தார். ஆறு என்றே எழுதினேன்.

விருந்து உபசாரத்தையும் நிறுத்திவிட்டேன். தண்ணீர்க் குடத்தை அறையின் மறுகோடியில் வைத்தேன். ரிமோட்டை டிவிக்கு மேலேயே விட்டுவிட்டேன். பக்கத்து வீட்டுப் பழனியம்மாள் அத்தை இதைப் பார்த்துவிட்டு வாயில் கை வைத்துக்கொண்டார்.

"ஏஞ்சாமி, அப்பன் கேட்டா ஒரு சொம்புத் தண்ணி மொண்டு குடுக்க மாட்டியா? நாலு ஊட்டுக்குத் தெரிஞ்சா என்ன பேசுவாங்க?"

அப்பா ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி குடத்தை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தார். "ஏனுங்கக்கா, நீங்களாச்சும் சொல்லிப் பாருங்க. எனக்கு டீயும் சமையக்கட்டுக்கு நடந்து வந்தாத்தான் குடுக்கறா" என்றார். அத்தை போன பிறகு நாங்கள் இருவரும் சிரித்தோம். அம்மாவும் உள்ளேயிருந்து சிரித்தது கேட்டது.

ஜூலையில் இருபத்தெட்டு விநாடி. ஒரு நாள் குளியலறைப் படியில் அப்பாவின் கால் மடங்கி முட்டி சிராய்ந்துவிட்டது. நான்கு நாள் பயிற்சி இல்லை. செப்டம்பரில் பத்தொன்பது விநாடி. சட்டைப் பொத்தான்களை அவரே போட்டுக்கொண்டார். கடைசிப் பொத்தானுக்கு மட்டும் கால் மணி நேரம் ஆகும். நாங்கள் யாரும் உதவிக்குப் போக மாட்டோம்.

ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் ரிக் ஓனர் கைலாசம் மாமா வீட்டுக்கு வந்தார். அப்பா எதையும் பிடிக்காமல் எழுந்து நின்று, "வாங்கண்ணா" என்றார். மாமாவுக்குச் சந்தோஷம். அப்பாவின் வலது கையைப் பிடித்துக் குலுக்கினார். அப்புறம் அந்தக் கையை உடனே விடாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். அதில் பிடி எவ்வளவு இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"இந்த வருசத்துக்கு வேற ஆளைப் போட்டுக்கட்டுமா சேகரு?" என்று மெதுவாகக் கேட்டார்.

அப்பா தன் கையைப் பார்த்தார். "போட்டுக்கோங்கண்ணா. ஆடுற வண்டியில நாள்பூரா நிக்க இந்தக் காலு இன்னும் ஒத்துக்காது."

லாரி கிளம்பும் நாளில் அப்பா மெயின் ரோடு வரை போய்ப் பார்க்க வேண்டும் என்றார். ஊன்றுகோலோடு நடந்தார். நான் பின்னால் போனேன். மாலை போட்ட லாரி ஹாரன் அடித்துக்கொண்டு எங்களைக் கடந்து போனது. உள்ளே இருந்தவர்கள் கையசைத்தார்கள். அப்பா இடது கையை உயர்த்தினார். லாரி திரும்பி மறைந்த பிறகும் கையைக் கீழே இறக்கவில்லை.

நான் நினைத்தது நடந்துவிட்டது. அப்பா போகவில்லை. பொங்கலுக்கு வீட்டில்தான் இருப்பார். ஆனால் எனக்குத் துளிகூடச் சந்தோஷமாக இல்லை.

"அப்பா" என்றேன். "அந்த ரெண்டு மாசமும் செஞ்சிருந்தா இன்னைக்குப் போயிருப்பீங்களா?"

அப்பா பொய் சொல்லவில்லை. "தெரியல சாமி. போயிருக்கலாம்" என்றார்.

அதற்குமேல் என்னால் அடக்க முடியவில்லை. "நீங்க சரியாயிட்டா போயிருவீங்கன்னுதான் பயந்தேன். அதுக்கும் சேத்துத்தான் டிக் போட்டேன்."

அப்பா ரோட்டோரத்துத் தடுப்புக் கட்டையில் உட்கார்ந்துவிட்டார். என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

"நீ டிக் போட்டதைப் பாத்துட்டே நானும் பேசாம இருந்தனே. உன்கூடக் கேரம் ஆடறது எனக்கு மட்டும் புடிக்காதா?" என்றார். "ரெண்டு பேரும் சேந்துதான் கோட்டை விட்டோம். நீ ஒருத்தியே தூக்கிச் சுமக்காத."

அப்பா ஊன்றுகோலை ஊன்றி எழுந்தார்.

"பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிட்டு வரலாமா?"

"அவ்வளவு தூரமாங்கப்பா?"

"மெதுவாப் போலாம். எனக்கென்ன, வண்டியா புடிக்கோணும்?"

பஸ் ஸ்டாண்டு வரை எங்களால் போக முடியவில்லை. பாதி வழியில் ஒரு பேக்கரி வந்தது. ஆளுக்கொரு தேங்காய் பன் வாங்கித் தின்றோம். வீட்டுக்கு ஆட்டோவில் போய்விடலாமா என்று கேட்டேன். அப்பா வேண்டாம் என்றார். நாங்கள் நடந்தே வீடு வந்து சேர்ந்தோம்.