தீர்ப்பு நாள் சாயங்காலம்

மேசை மேல் வைத்த டம்ளர் தானாக நகர்ந்ததைத் தங்கவேலு முதலில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கோர்ட்டிலிருந்து வந்தவன், சட்டையைக்கூடக் கழற்றாமல், வீரபாண்டியில் புதிதாகக் கட்டிய தன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தான். புருஷன் ஜெயிலுக்குப் போகாமல் வீடு திரும்பியதற்காக விளக்குப் போட, மகள் தாரணியைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போயிருந்தாள் சித்ரகலா.

குளத்தில் அவன் ஓட்டிய படகு கவிழ்ந்து, ஞாயிற்றுக்கிழமை சுற்றிப்பார்க்க வந்த பனியன் கம்பெனிப் பெண்கள் ஏழு பேர் செத்துப்போன வழக்கு அது. அளவுக்கு மேல் ஆள் ஏற்றியதும், லைஃப் ஜாக்கெட்டுகளைக் கரையிலேயே பூட்டி வைத்திருந்ததும் நிரூபணமாகிவிட்டன. ஓராண்டு சிறை. அப்பீல் போடும்வரை ஜாமீன்.

"மேல்கோர்ட்டுல பாத்துக்கலாமுங்க. தைரியமா ஊட்டுக்குப் போங்க" என்றார் வக்கீல்.

கோர்ட் வராந்தாவில், இறந்துபோன நாகஜோதியின் அம்மா ராமுத்தாய் அவனை மறித்தாள். மகள் சம்பாத்தியத்தை நம்பித் தெற்கேயிருந்து வந்தவள். திட்டவில்லை, அழவில்லை.

"ஒரு வருசம்ங்கிறது ஆளுக்கு ஒண்ணாய்யா? இல்ல, எல்லாத்துக்கும் சேத்தா?"

அவளைச் சுற்றிக்கொண்டு அவன் படியிறங்கினான்.

டம்ளர் மறுபடி நகர்ந்தது. எடுத்து நடுவில் வைத்தான். மெல்ல, யாரோ விரலால் தள்ளுவதுபோல, தெற்குச் சுவர்ப் பக்கமாகவே போய் விளிம்பில் நின்றது. அந்த நேரம் கரண்ட் போக, எதிர்க் கட்டடத்தில் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின்கள் ஒரே மூச்சில் அடங்கின. அந்த அமைதியில், வீட்டின் வெளிச்சுவரைத் தண்ணீர் தொட்டுத் தொட்டு விலகும் சத்தம் கேட்டது, அதன் பின்னாலேயே பாசியும் சேறும் கலந்த குளத்து வாடை ஜன்னல் திரையைத் தாண்டி அவன் தொண்டைவரை வந்து நின்றது.

எழுந்தான். காலடியில் தரை லேசாக எழும்பித் தாழ்ந்தது. அவன் முழங்கால்கள் தாமாகவே மடிந்து கொடுத்தன. படகில் நின்று பழகிய கால்கள், அவற்றுக்குத் தெரிந்துவிட்டது.

தெற்குச் சுவரோரம் யாரோ உட்கார்ந்தார்கள். வீடு அந்தப் பக்கம் சாய்ந்தது. இன்னொருவர். இன்னும் சாய்ந்தது. அரையிருட்டில் வரிசையாகத் தலைகள் தெரிந்தன. ஈரக் கூந்தல். நசுங்கிய மல்லிகை. எல்லோரும் அவனுக்கு முதுகு காட்டியபடி.

"அண்ணே." மிக அருகில் ஒரு பெண்ணின் குரல். "இன்னும் ரெண்டு பேருக்கு எடமிருக்கு."

அது அவனுடைய பேச்சு. அன்று படகு நிறைந்த பிறகும், கரையைப் பார்த்து அவன் கூவிய வார்த்தை. அதைக் கேட்டுத்தான் நாகஜோதி தன் தோழியின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள்.

வெளியே கேட் திறந்தது.

"ஏனுங்க, கரண்ட் போயிருச்சுங்களா?" சித்ரகலாவின் குரல்.

இரண்டு பேர்.

வாசல் இப்போது மேட்டில் இருந்தது. ஓடினான். சறுக்கினான். தரையில் நகங்களைப் பதித்துத் தவழ்ந்தான்.

"ஏறாதீங்க! கலா! ஏறாதீங்க!"

"அம்மா, அப்பா ஏன் தவுந்துட்டு வர்றாரு?"

தாரணியின் கால் நிலைப்படியைத் தாண்டியது. பின்னாலேயே சித்ரகலா.

சட்டென்று எல்லாம் நின்றது. தரை சமமானது. சுவரோரம் யாருமில்லை. ஒரு சொட்டு ஈரம்கூட இல்லை.

சித்ரகலா அவன் பக்கத்தில் மண்டியிட்டு நெற்றியைத் தொட்டாள். கை ஜில்லென்றிருந்தது. "பயப்படாதீங்க. அதான் எல்லாம் முடிஞ்சுருச்சுங்களே."

நிமிர்ந்து பார்த்தான்.

அவள் பின்னல் தோளை விட்டு எழும்பியிருந்தது. மெதுவாக அவிழ்ந்தது. காற்றே இல்லாத அறையில், கூந்தல் முழுவதும் விட்டத்தை நோக்கி விரிந்து அலைந்தது. அருகில் தாரணியின் பாவாடை குடைபோல உப்பி மிதந்தது. அவனைப் பார்த்துத் தாரணி சிரித்தாள்.

சத்தம் வரவில்லை. வாயிலிருந்து குமிழிகள் கிளம்பி, ஒன்றன்பின் ஒன்றாக, மேலே போய்க்கொண்டிருந்தன.