முன்படகில் யார்?

காலை ஒன்பதுக்குப் பச்சை எரிந்தது. கோயில் கோபுரத்து விளக்கைப் பார்த்ததும் அலங்காரத்துறை என்ற அந்த ஊரின் பன்னிரண்டு படகுகளும் கிளம்பின. கிளீட்டஸின் படகு எப்போதும்போல் முன்னால் போனது. கணிப்பறையில் அவன் மனைவி டெல்பின் கணினியின் உறையைக் கழற்றி, விசிறிகளில் படிந்த உப்பைப் பிரஷ்ஷால் தட்டினாள். தினமும் செய்கிற வேலைதான். ஆனாலும் படகுகள் போன பிறகு அவளால் ஓரிடத்தில் உட்கார முடியாது.

சில்லு வறட்சி தொடங்கி முப்பது வருடம் ஆகிறது. கணினிக்கான புதுச் சில்லு எங்கேயும் வார்ப்பதில்லை. கரையோர ஊர் ஒவ்வொன்றுக்கும் பழைய டெஸ்க்டாப் ஒன்று; அதில்தான் அந்தந்த ஊர் தன் கடலைத் தானே கணித்துக்கொள்ள வேண்டும். கடலோ முன்போல் இல்லை. காலையில் பூனை, மாலையில் புலி. கடலில் விட்ட மிதவைகளின் அளவீடு காலை ஆறுக்கு வரும். கணினியின் செயலியை, அதாவது ப்ராசஸரை, அதன் மேல் அச்சிட்ட வேகத்தில் ஓட்டினால் கணிப்பு முடியப் பதினொன்று ஆகிவிடும். மூன்று மணிக்குக் கடல் புரளக்கூடும் என்றால், அதற்குமேல் போய் எதைப் பிடிப்பது?

அதனால்தான் டெல்பின் அச்சிட்ட வேகத்துக்கும் மேலே மிகைவேகம் ஏற்றினாள். ஓவர்கிளாக் என்றால் ஊரில் எல்லோருக்கும் புரியும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது அவளுக்கும் தெரியும். ஒரு படி ஏற்றுவாள், மின்னழுத்தத்தை மயிரிழை கூட்டுவாள், நாள் முழுக்கச் சோதிப்பாள், சூடு தாங்கினால்தான் அடுத்த படி. எட்டு மாதப் பாடு அது. ஐந்து மணி நேரக் கணிப்பு மூன்றாகச் சுருங்கியது.

செயலி நல்ல சாதி. தாங்காவிட்டால் ஹேங் ஆகும், இல்லை அணைந்துபோகும். நினைவகம் அப்படியல்ல. வேகம் தாங்காமல் ஒரு ஒன்றைப் பூச்சியமாக்கிவிட்டு, பூனையும் பால் குடிக்குமா என்று நிற்கும். நாலு மீட்டர் அலையை ஒரு மீட்டர் என்று கூசாமல் சொல்லும். அதனால் படகுகள் போனதும் தினமும் நினைவகச் சோதனையை ஓடவிடுவாள். ஒன்பது மாதமாகத் திரையில் வந்தது ஒரே வரி: பிழை 0.

மிகைவேகத்துக்குக் கரையில் ஒரே ஒரு சட்டம். அச்சு வேகத்தைத் தாண்டி ஓட்டுகிறவர் வீட்டு ஆள் முன்படகில் போக வேண்டும். கரையலை உடையும் அலைவாயை அவர் தாண்டிய பிறகே மற்றவர்கள். "ஓங் கம்ப்யூட்டருக்கு நாந்தாட்டீ இன்சூரன்ஸ்" என்று கிளீட்டஸ் சிரிப்பான். அவளுக்குச் சிரிப்பு வராது.

பத்து நாற்பதுக்கு அந்த வரி சிவப்பானது. பிழை 1.

அறை புழுங்கியது. நினைவகப் பட்டையைத் தொட்டாள், சுட்டது. இப்போதைய சூட்டில் வந்த பிழையா, காலைக் கணிப்பின்போதும் வந்ததா? கண்டுபிடிக்க ஒரே வழி, அச்சு வேகத்துக்கு இறக்கி முதலிலிருந்து கணிப்பது. ஐந்து மணி நேரம். வேகத்தை ஒரு படி குறைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டால் ஒரு குருவிக்கும் தெரியாது. எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். பிறகு வயர்லெஸ்ஸை எடுத்தாள்.

"ஏங்க, கேக்குதா? திரும்பி வாங்க. எல்லாப் படகும்."

"என்னட்டீ? கடலு தட்டுல ஊத்துன எண்ணெ மாதிரி கெடக்கு. இப்பத்தான் வலையப் போட்டோம்."

"நினைவகத்துல பிழை."

"எத்தன?"

"ஒண்ணு."

வலையை இழுக்கச் சொல்லி அவன் கத்துவது கேட்டது. "வாறோம்" என்றான்.

வெறும் வலையோடு வந்தார்கள். மூன்றே முக்காலுக்கு மெதுவான கணிப்பு முடிந்தது. பச்சை. நாள் முழுக்கப் பச்சை.

ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? மாலையில் கோயில் முற்றத்தில் கூடிவிட்டார்கள். சங்கத் தலைவர் சூசைமிக்கேலுக்கும் படகு உண்டு. அவர் வலையும் வெறுமையாகத்தான் வந்திருந்தது.

"கோடிக்கணக்குல எழுதுத எடத்துல ஒண்ணு தப்புனா என்ன குடிமுழுகிப் போச்சு?"

"அது எந்த ஒண்ணுன்னு தெரியாதுல்லா அண்ணாச்சி" என்றாள் டெல்பின்.

"தெரியாததுக்குப் பயந்தா கடலுக்கே போவ முடியாது."

இனி கணினி ஜெரோமிடம் என்று முடிவாயிற்று. டவுனிலிருந்து வரும் ஆள். எட்டரைக்கே பச்சை தருவேன் என்றிருந்தான். ஊரில் அவனுக்கு யாருமில்லை, ஒண்டிக்கட்டை. அப்படியானால் முன்படகில் யார் என்று யாரோ கேட்டார்கள். "அதெல்லாம் பழைய பயம்லே" என்றார் சூசைமிக்கேல். அந்தச் சட்டமும் போயிற்று.

வீட்டில் கிளீட்டஸ் வெறும் வலையை மடித்து வைத்தான். பிறகு, "ஊருக்காவத்தான இத்தன நாளும் சோதிச்ச? அதுக்கு ஊரு தந்த மரியாதையப் பாத்தியா" என்றான்.

"ஊருக்காவன்னு யாரு சொன்னா? முன்னால போறது நீங்க. அதுக்குத்தான் சோதிச்சேன்."



மறுநாள் சொன்னபடி எட்டரைக்குப் பச்சை எரிந்தது. கரையில் ஒரே கைதட்டல். டெல்பின் நேராகக் கணிப்பறைக்குப் போனாள்.

"சோதிச்சீங்களா?"

"எதுக்கு மேடம்? ஒரு தடவைகூட ஹேங் ஆகல" என்றான் ஜெரோம். நல்ல மனிதன்தான்; பொய் சொல்லவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

கரைக்கு ஓடினாள். பன்னிரண்டு எஞ்சின்களும் உறுமிக்கொண்டிருந்தன. ஒரு படகும் நகரவில்லை.

"என்னலேய் பாத்துட்டு நிக்கீங்க? போங்கலேய்!" என்று தன் படகிலிருந்து கத்தினார் சூசைமிக்கேல்.

"நீங்க முன்ன போங்க அண்ணாச்சி. பின்னாலயே வாறோம்" என்று ஒரு படகிலிருந்து பதில் வந்தது.

அவர் கோபுரத்தைப் பார்த்தார். கணிப்பறையைப் பார்த்தார். அதன் வாசலில் ஜெரோம் கையைக் கட்டிக்கொண்டு தனியாக நின்றான். சூசைமிக்கேலின் கை சுக்கானில் இருந்தது. படகு இருந்த இடத்திலேயே ஆடியது.

கிளீட்டஸ் கரையைப் பார்த்தான். கணிப்பு சரியாகவே இருக்கலாம் என்று டெல்பினுக்குத் தெரியும். நேற்றுப்போல் இன்றும் முழுப் பச்சையாகவே இருக்கலாம். அவள் தலையசைத்தாள், வேண்டாம் என்று.

அவன் எஞ்சினை அணைத்தான். பக்கத்துப் படகு அணைந்தது. பிறகு அதற்கடுத்தது. கடைசியாகச் சூசைமிக்கேலுடையதும் அணைந்தது.

அன்று மாலைவரை கடல் அலுங்காமல் கிடந்தது. கோபுரத்தில் பச்சை எரிந்துகொண்டே இருந்தது.