அம்மாவுக்கு எரிந்த சிவப்பு விளக்கு

“லைனை நிறுத்துங்க!”

இறைச்சிக்கூடத்தில் இதை மட்டும் சொல்லிவிடாதே என்று வழியெல்லாம் அம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். லைன் நின்றால் உள்ளே எல்லாருடைய வேலையும் நின்றுவிடும். வாலு சொல்லியே விட்டாள்.

சூப்பர்வைசர் முறைத்துப் பார்த்தார். “யாரும்மா இது?”

“என் பொண்ணு சார்...” அம்மாவின் குரல் உள்ளே போய்விட்டது.

ஒவ்வொரு ஆட்டின் காதிலும் சில்லு வைத்த வில்லை ஒன்று உண்டு. ஆடு வாசலைத் தாண்டும்போது அங்கிருக்கும் கருவி அதன் எண்ணைப் படிக்கும். யார் வளர்த்த ஆடு, என்ன மருந்து கொடுத்தார்கள் என்பதெல்லாம் திரையில் வந்துவிடும். கறிப் பொட்டலம் வரைக்கும் அந்த எண் கூடவே போகும். அடம்பிடித்த ஓர் ஆட்டை அம்மா தள்ளிக்கொண்டு வந்தபோதுதான் சிவப்பு விளக்கு எரிந்தது.

“இதுக்குப் போன வாரம் ஊசி போட்டிருக்கு. இந்தக் கறியை மனுஷன் சாப்பிடலாமா? இனிமே உங்க ஆடே இங்க வேண்டாம்.” சூப்பர்வைசர் திரையில் அம்மாவின் பெயருக்கு நேரே ஒரு சிவப்புக் குறி போட்டார்.

“ஊசி போட்டது கறுப்பிக்கு. அது வீட்டுல நிக்குது. இது வெள்ளை ஆடு. கண்ணு தெரியலையா?” என்றாள் வாலு.

“ஏய், சும்மா இருடி,” என்றாள் அம்மா.

“மெஷின் பொய் சொல்லுமா?” என்றார் சூப்பர்வைசர்.

“சொல்லாது. ஆனா அது யாரைச் சொல்லுதுன்னு பார்க்கணும்ல?”

கறுப்பியின் காதுவில்லை வேலியில் மாட்டி அறுந்து விழுந்தது வாலுவுக்கு நினைவுக்கு வந்தது. அதை எடுத்தது யார்?

“அம்மா, ஆட்டை விட்டுட்டு நீ மட்டும் நடந்து வா.”

அம்மா தயங்கித் தயங்கி வாசலைத் தாண்டினாள். பீப்! சிவப்பு விளக்கு.

“அய்யோ, அக்காவுக்கு ஊசி போட்டிருக்கு!” என்று ஆடு பிடிப்பவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அம்மா இடுப்புப் பையைத் துழாவினாள். மஞ்சள் வில்லை வெளியே வந்தது. “புதுசு மாத்தணும்னு எடுத்து வச்சேன்... மறந்தே போயிட்டேன்.”

வில்லையைத் தூர வைத்துவிட்டு வெள்ளை ஆட்டை விட்டார்கள். பச்சை.

“சரி சரி, ஆட்டை உள்ள அனுப்புங்க,” என்றார் சூப்பர்வைசர்.

“எங்கம்மா பேருல இருக்கிற சிவப்புக் குறி?”

“அப்புறம் பார்க்கலாம்.”

“இப்பவே அழிங்க. அதுவரைக்கும் நான் நகர மாட்டேன்.”

உர்ரென்று அவர் விசையைத் தட்டினார். குறி மறைந்தது. “அடுத்த தடவை இந்த வாலை வீட்டுலயே கட்டிப் போட்டுட்டு வாங்கம்மா!”

வாலு மஞ்சள் வில்லையைத் தன் கையில் எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள்.

“இனி ஆடு கொண்டு வரும்போதெல்லாம் நானும் வருவேன்மா,” என்றாள். அம்மாவிடம் அவள் அனுமதி கேட்கவில்லை.