மாவு மாத்திரை சாப்பிட்டவர்கள்

"மாத்திரையை நிறுத்தச் சொல்றீங்க, நிறுத்திடறேன் சிஸ்டர். ஆனா அந்தம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்க. நான் சொன்னா நல்லா இருக்காது," என்றார் ஓய்வுபெற்ற தபால்காரர்.

"எந்தம்மாகிட்ட?"

"உங்க ஆபீஸ் ஆளுதான். படுத்ததும் வந்து கட்டில் ஓரமா உக்காருவாங்களே. நான் தூங்கினதும் போயிடுவாங்க."

செவிலியின் பேனா நின்றது. இந்தத் தூக்க ஆய்வில் வீட்டுக்குப் போய்ப் பார்க்கும் வேலை யாருக்கும் கிடையாது. வயதான மனிதர், ஏதோ கனவு கண்டிருப்பார். "சொல்லிடறேன் ஐயா" என்று போனை வைத்துவிட்டு அடுத்த எண்ணைத் தேடினாள்.

மதியம் மூன்று மணி. பல்கலைக்கழகத்தின் பழைய கட்டடத்தில் மாத்திரைப் பெட்டிகளுக்கும் ஸ்பிரிட் வாசனைக்கும் நடுவே அவள் ஒருத்திதான் இருந்தாள். தூக்கம் வராத முப்பத்தாறு பேரைத் தேடிச் சேர்த்ததும் அவள்தான். பாதிப் பேருக்குப் புது மருந்து. மீதிப் பேருக்கு அதே நிறத்தில், அதே அளவில் வெறும் மாவு மாத்திரை. யாருக்கு எது என்பது சாப்பிட்டவர்களுக்கும் தெரியாது, எடுத்துக் கொடுத்த அவளுக்கும் தெரியாது. அந்த ரகசியம் ஒட்டிய உறைக்குள் அலமாரியில் இருந்தது. இரண்டு வருடம் நடக்க வேண்டிய ஆய்வு. ஏழாம் மாதத்திலேயே கண்காணிப்புக் குழு இழுத்து மூடச் சொல்லிவிட்டது.

"ஆபத்து ஒண்ணும் இல்ல சிஸ்டர்," என்று காலையில் பேராசிரியர் சொல்லியிருந்தார். "ரெண்டு கூட்டமும் ஒரே மாதிரி தூங்குது. மாவைத் தின்னவங்களும் அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கினா மருந்துக்கு அங்க என்ன வேலை? மேற்கொண்டு நடத்துறது வீண்." சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. எல்லாருக்கும் தகவல் சொல்லும் பொறுப்பை அவளிடம் விட்டுவிட்டுக் கூட்டத்துக்குக் கிளம்பிவிட்டார்.

பட்டியலில் கடைசிப் பெயர் அவளுடைய அக்கா. அத்தான் இறந்த பிறகு பொட்டுத் தூக்கமில்லாமல் கிடந்தவளை இவள்தான் வற்புறுத்திச் சேர்த்துவிட்டாள். அதோடு சரி. வேலை, வேலை என்று ஏழு மாதமாக அக்கா வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. ஏன் வரவில்லை என்று அக்காவும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அடுத்த இரண்டு பேர் "சரி சிஸ்டர்" என்றதோடு முடித்துக்கொண்டார்கள். நான்காவதாக எடுத்தது ஒரு தையல்காரி.

"அப்போ அவங்க இனிமே வர மாட்டாங்களா?" அவள் குரல் தழுதழுத்தது.

"யாரும்மா?"

"முகம் பாத்ததில்ல சிஸ்டர். கண்ணை மூடினாதான் கிட்ட வருவாங்க. நெத்தியில கை வைப்பாங்க. சில்லுனு இருக்கும்."

ஒன்பதாவது ஆள் இரவுக் காவலாளி. "நான் பகல்ல தூங்குறவன். எனக்குப் பகல்லதான் வர்றாங்க," என்றார் அவர், பேருந்து நேரம் சொல்வதைப் போல.

அப்படிச் சொன்னவர்களின் பெயருக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைக்கத் தொடங்கினாள். ஜன்னல் வெயில் மேசையிலிருந்து தரைக்கு இறங்கி, தரையிலிருந்து சுவருக்கு ஏறி, மெல்ல மஞ்சளாகி, அலமாரிகளின் நிழல்களை அறைக்குள் நீட்டிக்கொண்டே போனது. மருந்து வைக்கும் ஃபிரிட்ஜ் முனகியது, நின்றது, மறுபடி முனகியது. அது நின்றபோதெல்லாம் அவள் தன்னையறியாமல் காதைத் தீட்டிக்கொண்டாள். ஐந்து மணிக்குள் முப்பத்தைந்து பேரிடம் பேசி முடித்திருந்தாள். பட்டியலில் பதினேழு புள்ளிகள்.

பேராசிரியரைக் கூப்பிட்டாள்.

"பக்க விளைவு சிஸ்டர், வேற என்ன? மருந்து சாப்பிட்டவங்களுக்கு இல்லாதது தெரியுது. ஆய்வுதான் முடிஞ்சுபோச்சே, உறையைப் பிரிச்சுப் பாருங்க. புள்ளி வச்ச அத்தனை பேரும் மருந்துக் கூட்டமா இருப்பாங்க."

போன உயிர் திரும்பி வந்தது போலிருந்தது. ஆமாம், மருந்துதான். வேறென்ன இருக்க முடியும்? உறையைக் கிழித்து, உள்ளே இருந்த தாளையும் தன் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விரலை ஓட்டினாள்.

தபால்காரர், மாவு. தையல்காரி, மாவு. காவலாளி, மாவு.

விரல் கீழே போனது. மாவு. மாவு. பதினேழு பேரும் மாவு. மருந்து சாப்பிட்ட ஒருவர் பெயரிலும் புள்ளி இல்லை.

அப்படியானால் இவர்களைத் தூங்க வைத்தது எது?

மாவுக் கூட்டத்தில் பதினெட்டாவது பெயர் அக்கா.

அக்காவின் எண்ணை அழுத்தினாள்.

"அக்கா, நான்தான்."

மறுமுனையில் சிரிப்பு. "உன் குரல் எனக்குத் தெரியாதா? எதுக்குடி போன்? விளையாடறியா?"

"அந்த மாத்திரையை நிறுத்திடுக்கா. ஆய்வு முடிஞ்சுது."

"மாத்திரை கிடக்குது. நீ வந்து தலையைக் கோதிவிடறியே, அதுலதான்டி தூங்கறேன். முதல்ல உன்னை மனசுக்குள்ள எவ்வளவு திட்டினேன் தெரியுமா? இப்படித் தினமும் வருவேன்னு நினைக்கவே இல்ல."

ஃபிரிட்ஜ் நின்றது.

"நான் வரலக்கா. ஏழு மாசமா உன் வீட்டு வாசப்படி மிதிக்கலையே நான்."

மறுமுனையில் மூச்சுச் சத்தம் மட்டும்.

"அக்கா?"

"இதோ... நான் படுத்ததும் வந்து கட்டில்ல உக்காந்திருக்கியேடி."

"வெளிய வா. கதவைத் திற. தெருவுக்கு ஓடி வந்துடு அக்கா!"

"நீ பேசறப்ப..." அக்காவின் குரல் தேய்ந்தது. "இங்க வாய் அசையுது. ஒவ்வொரு வார்த்தைக்கும்."

செவிலி வாயை இறுக மூடினாள்.

"மூடிக்கிச்சு," என்றாள் அக்கா.

அறையில் ஒரு சத்தமும் இல்லை. வெளிச்சம் சுவரின் உச்சிக்குப் போய்விட்டது. அசையக்கூடாது. எதையும் செய்யக்கூடாது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். விரல் வெளுத்தது.

"இப்ப..." அக்கா கிசுகிசுத்தாள். "தலையைத் திருப்புதுடி. பின்னால பாக்குது."

இவள் திரும்பவில்லை. திரும்ப மாட்டாள். கண்களை மூடப் பார்த்தாள். இமை இறங்கவில்லை.

கழுத்து மட்டும், யாரோ மோவாயைப் பிடித்துத் திருப்புவது போல, மெல்ல, மிக மெல்லப் பின்பக்கம் திரும்பத் தொடங்கியது.